துர்க்கைக்கு ஏற்றிய எலுமிச்சைத் தோல்

மகள் கல்லூரியில் கடைசி வருடம் வேதியியல் படிக்கிறாள். எலுமிச்சைத் தோலை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, அதிலுள்ள நல்ல சத்துகளைப் பிரித்தெடுப்பதுதான் அவளுடைய புராஜெக்ட். திங்கட்கிழமை அந்தச் சாற்றைச் சோதனைக்குக் கொண்டுபோகாவிட்டால் மதிப்பெண் கிடையாது.

முதல் தடவை, ஊறிய ஸ்பிரிட்டை வற்றவைக்க கேஸ் அடுப்பில் வைத்தாள். குப்பென்று தீ எழும்பி அடங்கியது. அவளுடைய ஒரு புருவத்தில் பாதி போயிற்று, சாறும் போயிற்று. இன்றுவரை யாராவது அடுப்பைப் பற்றவைத்தால் எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. அவளோ மையால் புருவத்தை வரைந்துகொண்டு மறுபடி தோல் ஊறவைத்தாள்.

"இனி தீயே கிடையாதும்மா. இறக்கிவச்ச வெந்நியில வச்சே வத்தவச்சிருவேன்."

எனக்கு மனசு ஆறவில்லை. வெள்ளிக்கிழமை ராகுகாலத்தில் கோயிலுக்குப் போய், எலுமிச்சம்பழங்களை வெட்டிப் பிழிந்து, மூடிகளை உள்வெளியாகத் திருப்பி, நெய் விட்டுத் துர்க்கைக்கு விளக்கேற்றினேன். அணைந்த பிறகு பார்த்தால் பதினெட்டு மூடி. எறிய மனம் வரவில்லை. திரியை எடுத்துத் துடைத்து, வீட்டுக்குக் கொண்டுவந்து நறுக்கி, அவளுடைய பாட்டிலில் போட்டுவிட்டேன். சாமி தொட்ட தோல், சாறு கூடுதலாகவே வரும் என்று நினைப்பு. அவளிடம் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலையில் வடிகட்டினாள். ஒரு சொட்டு இறங்கவில்லை. வடிகட்டும் தாள் முழுக்க நெய். மோந்து பார்த்தாள்.

"ஏம்மா, இது என்ன, கோயில் வாசம் அடிக்கி?"

சொன்னேன். தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "கூடவே கொஞ்சம் திருநீறும் போட்டிருக்கலாம்லா!" பிறகு சிரிப்பு நின்றது. "திங்கக்கிழமைக்கு நான் என்னத்தக் கொண்டுபோவேன்?"

கட்டைப்பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு ஜூஸ் கடைக்கு ஓடினேன்.

"அண்ணாச்சி, இன்னைக்குப் பிழிஞ்ச தோல் வேணும்."

"ஊறுகாய்க்கா, அக்கா?"

"இல்ல, பிள்ளைக்குப் படிப்புக்கு."

"தோலுலயும் படிப்பு இருக்கா? அப்போ நம்ம கடை யுனிவர்சிட்டில்லா!" என்று பையை நிரப்பிக் கொடுத்தார்.

அன்றே தோலைச் சீவி ஊறவைத்தாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, வெந்நீர்ச் சட்டிக்குள் பாத்திரத்தை வைத்தாள். ஈரத் துண்டோடு நான் பின்னால் நின்றேன்.

"தள்ளி நில்லும்மா. நீ விடுற மூச்சுலயே வத்திரும் போலிருக்கு."

கடைசியில் ஒரு சின்ன பாட்டில் அளவுக்கு மஞ்சள் சாறு தேறியது.

திங்கட்கிழமை மத்தியானம் போன் வந்தது.

"யம்மா, சாறுல சோதனை மருந்து விட்டதும் கரும்பச்சையா மாறிட்டு!"

"ஐயோ ஏட்டி, கெட்டுப்போச்சா?"

"இல்லம்மா! சத்து இருந்தாத்தான் அப்படி மாறும். மேடம் கையெழுத்துப் போட்டாச்சு. நீ இன்னும் சாப்பிட்டிருக்க மாட்டியே, போய்ச் சாப்பிடு."