பொதுச் சுவரும் அக்காவின் வெந்நீரும்

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இந்த இடத்தில் 'ஆறாத் துயருடன்' என்று தொடங்குவது வழக்கம். எனக்குத் துயரம் கொஞ்சம் ஆறிவிட்டது, கோபம் ஆறவில்லை. ஆறாததை வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

எழுதச் சொன்னவர் பெரியண்ணன். சென்னையிலிருந்து போன் பண்ணி, "நீதான் தமிழ் டீச்சர், நல்லதா நாலு பக்கம் எழுதிடும்மா. அந்த ஹீட்டர் கதையெல்லாம் இதுல இழுக்காதே" என்றார். சரிண்ணே என்றேன். அச்சகத்தில் கொடுப்பதும் பிழை திருத்தி வாங்குவதும் நானே என்பது அவருக்கு ஞாபகம் இல்லை போலிருக்கிறது. ஹீட்டர் கதையை எடுத்துவிட்டால் அக்காவின் கடைசிக் காலத்தைப் பற்றி எழுத வேறு என்ன மிச்சம் இருக்கிறது என்று அவரே வந்து சொல்லட்டும்.

அக்கா பிறந்தது பச்சைமலை அடிவாரத்தில், அம்மாவின் ஊரில். நாங்கள் நான்கு பேர். அக்கா மூத்தவர், அடுத்து பெரியண்ணன், சின்னண்ணன், கடைக்குட்டி நான். அப்பாவுக்குத் திருச்சியில் வேலை கிடைத்ததும் ஸ்ரீரங்கத்துக்கு வந்தோம். கொள்ளிடம் பக்கமாக மனை வாங்கி அப்பா வீடு கட்டினார். அக்காவுக்கு அந்த வீட்டில்தான் கல்யாணம் நடந்தது. கொஞ்ச காலத்திலேயே அத்தான் நோயில் இறந்துபோனார். குழந்தை இல்லை. அக்கா ஒரு பெட்டியோடு அதே வீட்டுக்குத் திரும்பி வந்தார். அப்பாவையும் அம்மாவையும் கடைசி வரை தூக்கிப் படுக்க வைத்துக் குளிப்பாட்டியவர் அவர்தான். அண்ணன்கள் ஆடிக்கு ஒரு தரம் அமாவாசைக்கு ஒரு தரம் வந்து பார்த்தார்கள்.

மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் அக்கா வேலை பார்த்தார். வருகிறவர்கள் புடவைகளைப் பிரித்துப் பிரித்துப் போட்டுவிட்டு, "பக்கத்துக் கடையைப் பாத்துட்டு வரோம்" என்று போய்விடுவார்கள். மலைபோலக் கிடப்பதையெல்லாம் மடிப்புக் கலையாமல் மடித்து அடுக்க வேண்டும். தலை நரைக்கும் வரை அதைத்தான் செய்தார். இரங்கல் கூட்டத்தில் ஒருவர் "அவங்க ரொம்ப சாது" என்று பேசினார். சாதுவாவது! பட்டுப் புடவையை இழுத்து இழுத்துப் பார்த்த ஓர் அம்மாளிடம், "கிழிஞ்சா நீங்கதான் கட்டிக்கணும், பரவாயில்லையா?" என்று கேட்டு முதலாளியிடம் திட்டு வாங்கியவர் என் அக்கா. அவர் வாயை மூடிக்கொண்டது தம்பிகளிடம் மட்டும்தான். அந்த ஒரு விஷயத்தில் அவர்மேலும் எனக்குக் கோபம் உண்டு.

புடவை மடித்த கை கடைசியில் மடங்க மறுத்தது. விரல் மூட்டெல்லாம் வீங்கி, காலையில் ஒரு டம்ளரைப் பிடிக்க முடியாது. வாதம் என்றார் டாக்டர். மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, தினமும் காலையில் வெந்நீரில் குளிக்க வேண்டும், குளிக்குமுன் கையைக் கொஞ்ச நேரம் வெந்நீரில் வைத்திருக்க வேண்டும் என்றார். அக்காவுக்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான், ஒரு வாளி வெந்நீர்.

நான் அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். போடாமலே இருந்திருக்கலாம். ஒருவர், திருச்சி வெயிலுக்கு ஹீட்டரா, மலைக்கோட்டைப் பாறையில் தண்ணீரை ஊற்றி எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதினார். அதற்கு ஆளாளுக்குச் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். சித்திரையில் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீர் தானே கொதிக்கும், அது எனக்கும் தெரியும். மார்கழியில் கொள்ளிடக் காற்று அடிக்கும்போது அதே தண்ணீர் எலும்பைக் கடிக்கும், அது சென்னையில் இருப்பவர்களுக்குத் தெரியாது. மூன்று லிட்டர் கீசர் விலை குறைவு என்றார் ஒருவர். நம் போர் தண்ணீர் உப்பு, சின்னது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும் என்றார் இன்னொருவர். சோலார் வைத்தால் கரண்டே வேண்டாம் என்று படம் அனுப்பினார் சின்னண்ணன். பெரிய அண்ணி, இலவச யூனிட்டுக்குள் ஓடுகிற வீட்டில் கரண்ட் பில்லை ஏற்றிவிடாதீர்கள் என்று எழுதினார். அந்த வீட்டின் பில்லைக் கட்டியது என்றைக்கும் அக்காதான்.

இவர்கள் பேசி முடிப்பதற்குள் மார்கழி முடிந்துவிடும் என்று, விசாரித்து நானே ஒரு கீசர் வாங்கினேன். பதினைந்து லிட்டர். ஒரு தரம் சூடாக்கி சுவிட்சை அணைத்துவிட்டால் அக்கா குளித்து முடிக்கும் வரை சூடு நிற்கும். ஓயாமல் ஓட வேண்டியதில்லை என்பதால் கரண்டும் அதிகம் இழுக்காது. விரல் மடங்காதவர் சுவிட்சை உள்ளங்கையால் தட்டினால் போதும். நான் யோசித்தது இதைத்தான். எலக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் குளியலறைச் சுவரில் முதல் ஓட்டையைப் போட்டு முடிக்கவும் பெரியண்ணனிடமிருந்து போன் வரவும் சரியாக இருந்தது. 'தங்கச்சி கீசர் கொண்டு வந்திருக்கா' என்று அக்காவே சந்தோஷமாகக் குழுவில் சொல்லியிருக்கிறார்.

"அது பொதுச் சுவரும்மா" என்றார் பெரியண்ணன். "இன்னிக்கு கீசர் மாட்டுவ. நாளைக்கு ஏசி மாட்டுவ. நாளப்பின்ன பாகம் பிரிக்கும்போது, இந்த வீட்டுக்கு நான் செஞ்சிருக்கேன்னு வந்து நிப்ப."

பொதுச் சுவர். அப்பா கட்டிய சுவருக்கு அப்படி ஒரு பெயர் இருப்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. வீடு இன்னும் பிரிக்கப்படவில்லை, அதனால் ஒருவரும் அதில் நிரந்தரமாக எதையும் மாட்டக் கூடாது என்பது சட்டமாம். அந்தச் சுவருக்குள் ஒரு மனுஷி குளிரில் நடுங்குவது சட்டத்தில் வராதாம். சின்னண்ணன் சமாதானம் பண்ணி வைக்க வந்தார். அவர் எப்போதும் நல்லவர், யார் பக்கமும் நிற்க மாட்டார். "வாளித் தண்ணியில போடற ராடு ஒண்ணு வாங்கிக் குடும்மா. விலையும் கம்மி, சுவத்துல மாட்ட வேண்டியதும் இல்ல" என்றார். எங்கள் குடும்பம் ஹீட்டர் தேர்ந்தெடுத்த லட்சணம் இது. விலை பார்த்து, கரண்ட் பார்த்து, கடைசியில் எது சுவரில் ஒட்டாதோ அதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

நான் மாட்டியே தீருவேன் என்று நின்றேன். அக்கா எலக்ட்ரீஷியனைக் கீழே இறங்கச் சொல்லிக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார். "விடு கண்ணு. இருக்கிற வரைக்கும் அவனுங்க வீட்டுல அவனுங்க சொல்றபடி இருந்துட்டுப் போறேன்" என்றார். அரியமங்கலத்துக்கு என் வீட்டுக்கே வந்துவிடுங்கள் என்று அன்றைக்கும் கூப்பிட்டேன். தம்பிகள் வந்தால் வீடு பூட்டிக் கிடக்கக் கூடாது என்று மறுத்துவிட்டார். கீசர் அட்டைப்பெட்டியோடு என் வீட்டுக்குத் திரும்பியது. சுவரில் ஓட்டை மட்டும் நின்றது.

ராடு உபயோகித்தவர்களுக்குத் தெரியும். வாளிக்குக் குறுக்கே கம்பு வைத்து அதில் தொங்கவிட வேண்டும். கம்பி தண்ணீரில் முங்கியிருக்க வேண்டும், பிளாஸ்டிக் வாளியில் பட்டால் உருகிவிடும். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, அப்புறம்தான் தண்ணீரைத் தொட வேண்டும். எங்கள் வீட்டு பிளக் பாயிண்ட் பழசு, நான் இழுத்தாலே வராது. விரல் மடங்காதவருக்கு இதைக் கொடுத்தது எங்கள் குடும்பம். ஒரு நாள் காலையில், சுவிட்சை அணைத்தாயிற்று என்ற நினைப்பில் அக்கா தண்ணீரில் கையை வைத்துவிட்டார். ஷாக் அடித்துத் தூக்கிப் போட்டது. உயிர் பிழைத்தது தெய்வச் செயல். அதையும் குழுவில் போட்டேன். ராடைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது எப்படி என்று ஒரு வீடியோ அனுப்பினார் பெரியண்ணன்.

அதற்குப் பிறகு அக்கா ராடைத் தொடவில்லை. கேஸ் அடுப்பில் தண்ணீர் காய வைத்து, பாத்திரத்தைத் துணியோடு அணைத்துப் பிடித்து, சமையலறையிலிருந்து கொல்லைப்புறக் குளியலறை வரை தூக்கிக்கொண்டு போனார். எனக்குச் சொல்லவில்லை. சொன்னால் நான் கீசரோடு வந்து நிற்பேன், மறுபடி சண்டை வரும் என்று பயந்திருக்கிறார். அடுத்த மார்கழியில் கொல்லை வாசல்படியில் வழுக்கி விழுந்தார். வெந்நீர் தொடையெல்லாம் கொட்டியது. இடுப்பு எலும்பு முறிந்தது. கத்தின சத்தம் கேட்டு எதிர்வீட்டம்மா ஓடி வந்து, ஆட்டோ கூப்பிட்டு, ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத்தான் எனக்குப் போன் பண்ணினார்.

ஆபரேஷன் நடந்தது. எழுந்து நடக்கவே இல்லை. நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. ஒரு காலை நான் போனபோது நர்ஸ் பெண் அக்காவுக்கு உடம்பு துடைத்துக்கொண்டிருந்தார். அக்காவின் இரண்டு கையும் ஒரு பேசினில் வெந்நீருக்குள் இருந்தன. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இங்க பைப்பைத் திருகினாலே வெந்நீர் வருது தெரியுமா?" என்றார். "அப்பாடா, என்ன சுகமா இருக்கு. இதுக்கு முன்னாடியே விழுந்திருக்கலாம்."

கேலியாகத்தான் சொன்னார். நான் வராந்தாவுக்குப் போய் அழுதேன். தை பிறந்த சில நாட்களில் அக்கா போய்விட்டார்.

அன்றைக்கு எல்லோரும் வந்தார்கள். குறையே சொல்ல முடியாது, காரிலும் ரயிலிலும் வந்து, மாலையின் மேல் மாலையாகப் போட்டார்கள். அக்காவைத் தூக்கிக்கொண்டு போனதும் பெண்கள் தலைக்கு ஊற்றிக்கொள்ள வேண்டும். மயானத்திலிருந்து ஆண்கள் திரும்பியதும் அவர்களும் குளிக்க வேண்டும். காவிரியில் முழுக்குப் போடலாம் என்றால் குளிர் என்று வீட்டுக்கே வந்துவிட்டார்கள். துக்க வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது. பெரியண்ணன் இடுப்பில் துண்டோடு கொல்லையில் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, வெந்நீர் இல்லையா?"

"ராடு இருக்குண்ணே" என்றேன். "சுவத்துல மாட்ட வேண்டியதில்ல."

பக்கத்தில் நின்ற சின்னண்ணன், "அது ஷாக் அடிக்குமாமே" என்றார். எதிர்வீட்டம்மா தன் வீட்டில் வெந்நீர் போட்டு வாளி வாளியாகக் கொடுத்தனுப்பினார். அத்தனை பேரும் அதில்தான் குளித்தீர்கள். மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு நான் போனபோது குளியலறையில் பெரிய கீசர் ஒன்று தொங்கியது. பெரியண்ணன் வாங்கி மாட்டியிருந்தார். காரியத்துக்கு வருகிறவர்கள் குளிக்க வேண்டாமா என்றார் அண்ணி. குழுவில் ஒரு பேச்சு இல்லை. யூனிட் பற்றிக் கவலை இல்லை. பொதுச் சுவர் என்ற வார்த்தை ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. உயிரோடு இருந்தவருக்குத் தாங்காத சுவர், செத்தவரின் விருந்தாளிகளுக்குத் தாங்கியது. கிட்டே போய்ப் பார்த்தேன். நான் போட வைத்த அதே ஓட்டையில்தான் போல்ட்டை முடுக்கியிருந்தார்கள்.

நன்றி சொல்ல வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன். அக்காவைத் தூக்கி எடுத்த எதிர்வீட்டம்மாவுக்கு எங்கள் குடும்பம் என்றென்றும் கடமைப்பட்டிருக்கிறது. அட்டைப்பெட்டியில் கிடந்த கீசரை அவர்கள் வீட்டில் மாட்டிக் கொடுத்துவிட்டேன், அவர்கள் சுவர் அவர்களுடையது. அக்காவின் கையை வெந்நீரில் வைத்த நர்ஸ் பெண் நன்றாக இருக்க வேண்டும். குழுவில் யோசனை சொன்னவர்கள், படம் அனுப்பியவர்கள், சிரித்தவர்கள் அனைவருக்கும், சொன்ன யோசனைக்கு நன்றி. வீடியோவுக்குத் தனியாக நன்றி.

திதி அன்று காலையில் ஸ்ரீரங்கம் வீட்டுக்கு அவசியம் வாருங்கள். வெந்நீர் தாராளமாக வருகிறது. நன்றாகக் குளித்துவிட்டு அக்காவின் படத்துக்கு முன்னால் வந்து நில்லுங்கள்.

பெரியண்ணனுக்கு மட்டும் ஒரு வார்த்தை. அண்ணே, உங்கள் பயம் வீண்போகாது. பாகம் பிரிக்கும் நாளில் நான் வந்து நிற்பேன். கீசரை நீங்கள் கழற்றிக்கொண்டு போகலாம். அந்த ஓட்டை என்னுடையது.

— அக்காவின் தங்கை