சொல்லாமப் போகாத மனுசர்

கருத்தையா அண்ணாச்சிக்குக் கோவம் வந்தா மெஷினத்தான் ஏசுவாவ. மனுசர ஏசி நா பாத்ததே இல்ல. "ஏ சவத்து மூதி, உனக்கு என்னதாம்லே வேணும்?"னு ஆக்சிஜன் மெஷின் முன்னால சம்மணம் போட்டு உக்காந்து கேப்பாவ. அது பாட்டுக்கு உர்ருன்னு ஓடிக்கிட்டு இருக்கும். அண்ணாச்சி போயி நின்னா எந்த மெஷினும் பழுதாகாது, அவிய இந்தப் பக்கம் திரும்பினா அது அந்தப் பக்கம் மண்டையப் போட்டுரும். நாயக் கண்டா கல்லக் காணோம், கல்லக் கண்டா நாயக் காணோம்பாவல்லா, அந்தக் கததான்.

எம் பேரு தஸ்மியா. மேலப்பாளையத்துக்காரி. பாளையங்கோட்டையில ஒரு டிரஸ்ட் ஆபீஸ்ல போன் எடுக்குத வேல. கொரோனா சமயத்துல எங்கெங்க இருந்தோ ஆக்சிஜன் மெஷினா வந்து குவிஞ்சுதுல்லா, அதுல கொஞ்சத்த வாங்கி வச்சு, நுரையீரல் கெட்டுப்போன சீக்காளிகளுக்கு வீட்டுக்கு இரவலாக் குடுக்குத டிரஸ்ட்டு. அந்த மெஷினு வீட்டுல இருக்க காத்தையே உள்ள இழுத்து, ஆக்சிஜன மட்டும் பிரிச்சு, டியூப்பு வழியா மூக்குக்கு அனுப்பும். சிலிண்டரச் சுமக்க வேண்டாம், ரொப்ப வேண்டாம், கரண்டு இருந்தாப் போதும். கேக்க நல்லாத்தான் இருக்கும். குடுத்த மகராசங்க மெஷினக் குடுத்தாவளே தவிர, அதப் பாத்துக்கிட ஆளக் குடுத்தாவளா? திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி எல்லாத்துக்கும் மெக்கானிக்குன்னா அண்ணாச்சி ஒருத்தர்தான். போன்ல ஏச்சு வாங்க நா ஒருத்திதான்.

அண்ணாச்சி முன்னால தச்சநல்லூர்ல பிரிட்ஜ் ரிப்பேர் கடை வச்சிருந்தவிய. கடையப் பூட்டிப் போட்ட கொரோனா நாள்ல, "ஓடாத மெஷின் நெறையக் கெடக்காம்"னு கேள்விப்பட்டு வந்து உக்காந்தவிய, பொறவு எந்திரிக்கவே இல்ல. வீட்டுல அவிய சம்சாரம், "கடை என்னாச்சு, கடை என்னாச்சு"ன்னு கேட்டுக் கேட்டு அலுத்துப் போயிட்டாவ.

அண்ணாச்சிக்கு ஒரு வைராக்கியம் உண்டு. சீக்காளி இருக்க வீட்டுக்குச் சொல்லாமப் போகப்படாது. "பொம்பளைய இருக்க வீடும்மா. படுத்த படுக்கையா ஆளு கெடக்கும், துணிமணி கலைஞ்சு கெடக்கும். திடுதிப்புனு போயி நிக்கலாமா? போனப் போடு, பொறப்பட்டாச்சுன்னு சொல்லு" அப்படிம்பாவ. நானும் போடுவேன். அந்தப் பக்கத்துல இருந்து, "வரட்டும்மா, வரட்டும். வீட்டக் கொஞ்சம் ஒதுங்க வச்சிருதோம்"பாவ. எவ்வளவு மரியாதையான ஊரு பாருங்க! அந்த மரியாதையத் தூக்கி உடைப்புல போட!

டிரஸ்ட்டுல ஒரு சட்டம் வச்சிருக்காவ. ஒரே மெஷினுக்கு மூணு தடவ புகார் வந்தா அதத் திரும்ப எடுத்துரணும். பழுது மெஷின நம்பி ஒரு உயிர விடப்படாதாம். நியாயந்தான். ஆனா மாத்து மெஷின் கெடையாது, வரிசைல நிக்கணும். அதுவரைக்கும் ஆஸ்பத்திரிதான் கதி.

தச்சநல்லூர் கைலாசம் தாத்தாவுக்கு அப்படித்தான் ஆச்சு. வத்தல் மண்டியில கணக்கெழுதி, காலம்பூரா மிளகா நெடிய இழுத்து நெஞ்சு போன மனுசன். அவிய வீட்டு மெஷினு கொஞ்ச நேரம் நல்லா ஓடும், பொறவு கீ கீன்னு கத்திக்கிட்டு நின்னுரும். அவிய சம்சாரம் பாலம்மாள் ஆச்சி போன் போடுவாவ. "அணைச்சுட்டு, செத்த நேரம் கழிச்சுப் போடுங்க ஆச்சி"ம்பேன். போட்டா ஓடும். மறுநாளும் கத்தும். அண்ணாச்சி போயி, மீட்டர மாட்டிப் பாத்தா ஆக்சிஜன் அளவு கச்சிதமா இருக்கும். ஃபில்டரக் கழுவி, ஆச்சி குடுத்த காப்பியக் குடிச்சுட்டு வருவாவ. மறுபடியும் கத்தும். மூணாந் தடவ மெஷினத் தூக்கியாச்சு. தாத்தா ஆஸ்பத்திரிக்குப் போனாவ, அங்கனயே மவுத்தாயிட்டாவ. ஆச்சி எனக்குப் போன் போட்டு, "உங்களுக்கெல்லாம் ரொம்பச் சிரமம் குடுத்துட்டோம்மா"ன்னாவ. அல்லாவே! நாலு வார்த்த என்னய ஏசியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்.

இதுல வயித்தெரிச்சல் என்னன்னா, அந்த மெஷின ஆபீஸ் ஸ்டோர் ரூம்ல போட்டு ஓட்டுனா, வாரக்கணக்கா ஓடுது. ஒரு கத்தல் இல்ல. அண்ணாச்சி போறப்ப வாறப்பல்லாம் அதுக்கிட்ட நின்னு, "இங்கன ஓடுத மூதி அங்கன ஏம்லே ஓடல?"ன்னு கேப்பாவ. மெஷினு பதிலா சொல்லும்?

ஆடிக் காத்து அடிச்சுக்கிட்டு இருக்கையில உவரியில இருந்து விண்ணரசி போன் பண்ணுனா. அவ அம்மா சலேத்தம்மா, கடலுக்குப் போறவங்களுக்கு விடியக்காலம் ஆப்பம் சுட்டு வித்த மனுசி. விறகுப் புகை நெஞ்சத் தின்னுட்டு. அந்த வீட்டு மெஷினுக்கு ஏற்கெனவே ரெண்டு புகார் ஆயிருந்துது.

"அக்கா, திரும்பவும் கத்துதுக்கா."

நா வரிசையாக் கேட்டேன். "சுவத்த ஒட்டி வச்சிருக்கீயளா?" "இல்லக்கா." "ஃபில்டரு கழுவுனீயளா?" "பளிச்சுன்னு இருக்குக்கா." "கரண்டு?" "எல்லாம் நல்லா இருக்குக்கா. இது மட்டுந்தான் நின்னு போவுது. அம்மா பயந்து போயிக் கெடக்கு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனீயன்னா திரும்ப இந்த வாசல மிதிக்க மாட்டேன்னு அழுவுது."

அத நா மூணாவது புகாராப் பதியல. என்ன ஆனாலும் ஆகட்டும்னு விட்டுட்டேன். "அண்ணாச்சி, நீங்க ஒரு எட்டு போயிட்டு வந்துருங்க"ன்னேன். அண்ணாச்சி மூஞ்சி செத்துப் போச்சு. கைலாசம் தாத்தாவ நெனச்சுக்கிட்டாவன்னு எனக்குத் தெரியும். "போன் போட்டுச் சொல்லிரும்மா"ன்னுட்டு பைக்க எடுத்தாவ.

உவரியில போயிப் பாத்தா, மெஷினு மணியா ஓடுது. மீட்டர மாட்டுனா அளவு சரி. தொட்டுப் பாத்தா சூடு இல்ல. மத்தியானம் வரைக்கும் அது முன்னாலயே உக்காந்திருந்திருக்காவ. கடைசில சலேத்தம்மா கிட்ட, "எம்மா, இன்னொரு தடவ நின்னுச்சுன்னா நா எடுத்துட்டுப் போக வேண்டியதுதான்"னு சொல்லியிருக்காவ. அந்தம்மா மூக்குல மாட்டியிருக்க டியூப்ப ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, "எடுத்துராத மக்கா"ன்னுதாம். அண்ணாச்சி பைக்க எடுத்துப் பொறப்பட்டுட்டாவ.

திசையன்விளை தாண்டுன பொறவுதான் மீட்டர அங்கனயே விட்டுட்டு வந்தது நெனப்பு வந்திருக்கு. தன்னையே திட்டிக்கிட்டு வண்டியத் திருப்பியிருக்காவ. அந்தக் கடுப்புல எனக்குப் போன் போடவும் தோணல, அவங்களுக்குப் போடவும் தோணல. நேரா போயி வாசல்ல நின்னா, கதவு தெறந்து கெடக்கு. உள்ள விண்ணரசி மெஷினுக்குப் பின்னால மண்டி போட்டு, ஜிப்ப இழுத்துக்கிட்டு இருக்கா.

ஆமா, ஜிப்பு. மெஷினுக்குக் கவரு! பூப்போட்ட கெட்டித் துணி, அடியில சுருக்கு வச்ச ஃப்ரில்லு, சுவிட்சு தெரிய பிளாஸ்டிக் சன்னல், டியூப்பு வெளிய வர வட்டமா ஒரு ஓட்ட. கல்யாணப் பொண்ணு கணக்கா நிக்கு. காத்து உள்ள போற வழியும் அடைச்சாச்சு, சூடு வெளிய வாற வழியும் அடைச்சாச்சு. மூச்சு முட்டிக் கத்தாம அது என்ன செய்யும்?

"இது என்னது தாயி?"

"கவரு அண்ணாச்சி. கடக்காத்துல உப்பும் மணலும் வந்து அடிக்கும்லா? மெஷினு கெட்டுரும்னு அம்மா சொல்லிச்சு. வந்த மறுநாளே தைக்கக் குடுத்துட்டோம்."

"நா வாறப்ப ஒரு நாளும் பாக்கலியே?"

"நீங்க வாறீயன்னு அந்தக்கா போன் பண்ணுவாவல்லா? உடனே கழட்டித் தொடச்சு வச்சிருவோம். பாக்க வாறவங்க முன்னால மூடி வச்சா நல்லாவா இருக்கும்?"

அங்கன நின்னே எனக்குப் போன் போட்டாவ. "எம்மா, சட்ட போட்டிருக்காவம்மா! மெஷினுக்குச் சட்ட போட்டிருக்காவ!" மனுசனுக்கு வெயில்ல மூள கலங்கிட்டுன்னுதான் மொதல்ல நெனச்சேன். வெவரம் தெரிஞ்சதும் எனக்கு வந்த கோவம் இருக்கே! யார் மேல கோவப்பட, சொல்லுங்க? நம்ம ஊருல எது கவரு போடாம இருக்கு? டிவிக்குக் கவரு, மிக்சிக்குக் கவரு, எங்க உம்மா ரிமோட்டப் பாலித்தீன் பையில போட்டு ரப்பர் பேண்டு சுத்தி வச்சிருக்காவ. பொருள மதிக்கிறவ மூடித்தான வைப்பா? போன்ல கேக்கச் சொல்லி எங்கிட்ட ஒரு புஸ்தகம் குடுத்திருக்காவ, எந்தத் தேசத்துல எழுதுனதோ. சுவரக் கேளு, ஃபில்டரக் கேளுன்னு இருக்கு. உடுப்பு போட்டிருக்கான்னு கேக்கச் சொல்லி ஒரு வரி இல்ல!

கவரக் கழட்டுன பொறவு சலேத்தம்மா வீட்டு மெஷினு ஒரு நாளும் நிக்கல. அந்தம்மா வாசலப் பாத்துக் கட்டில்ல உக்காந்து, போறவன் வாறவன ஏசிக்கிட்டு நல்லாத்தான் இருக்கு.

ஆனா அண்ணாச்சிக்கு உக்காரப் பிடிக்கல. மறுநாள்ல இருந்து எந்த வீட்டுக்கும் சொல்லாமப் போக ஆரம்பிச்சாவ. ஒரு வீட்டுல ஃப்ரில்லு வச்ச கவரு. ஒரு வீட்டுல குத்தாலத் துண்டு. ஒரு வீட்டுல மெஷினுக்கு மேல பழைய பட்டுப் பாவாட. எனக்கு வந்துது பாருங்க போனு! "என்னம்மா உங்க ஆளு, சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்காரு? மரியாத தெரியாத மனுசனா இருக்காரே!" எங்க மேனேஜரு என்னயக் கூப்பிட்டு, "கருத்தையாவுக்கு என்ன ஆச்சு? பதினஞ்சு வீட்டுல புகார் சொல்லுதாங்க"ன்னு குதிக்காரு. ஒத்த ஆளு நாய் படாத பாடு படுதாவளே, அதுக்கு ஒருத்தனாவது போன் பண்ணுனானா?

எல்லா வீட்டையும் முடிச்சுட்டு ஒரு நாள் மத்தியானம் எங்கிட்ட வந்து, "எம்மா, பாலம்மாள் ஆச்சி வீடு வரைக்கும் வாறியா? ஒத்தையில போகத் தெம்பு இல்ல"ன்னாவ.

"வேண்டாம் அண்ணாச்சி. தெரிஞ்சு என்ன செய்யப் போறீய?"

"தெரியாம எப்படிம்மா தூங்க?"

போனோம். ஆச்சி வாசல்லயே பாத்துட்டு, "வாங்க, வாங்க. ஒரு போன் போட்டிருந்தா வீட்டப் பெருக்கியாவது வச்சிருப்பேனே"ன்னாவ. உள்ள போயி உக்காந்தோம். டிவி மேல நீலத் துணியில கவரு. அடுக்களையில மிக்சி மேல அதே நீலத் துணி. மூலையில தையல் மெஷினு, அதுக்கும் நீலத் துணி. நா அண்ணாச்சியப் பாத்தேன். அவிய தரையப் பாத்துக்கிட்டு இருந்தாவ. ஒண்ணுமே கேக்கல. காப்பியக் குடிச்சாவ, "வாறோம் ஆச்சி"ன்னு எந்திரிச்சாவ. தப்பிச்சோம்னு நெனச்சேன்.

"இருங்க, உங்களுக்கு ஒண்ணு குடுக்கணும்"னு ஆச்சி உள்ள போயி பீரோவத் தெறந்தாவ. நீலத் துணி, நல்லாத் துவைச்சு, இஸ்திரி போட்டு மடிச்சு வச்சிருக்கு.

"உங்க மெஷினுக்கு நா தச்சது. தூசி உள்ள போனா அவிய நெஞ்சுக்குத்தான போகும்னு, உள்ளுக்க வேற துணி குடுத்து ரெட்டையாத் தச்சேன். சும்மாதான் கெடக்கு. அடுத்து மெஷின் வாங்குத வீட்டுல குடுத்துருங்க. அவங்களாவது நல்லா இருக்கட்டும்."

அண்ணாச்சி அத ரெண்டு கையாலயும் வாங்குனாவ. சொல்லிருவாவளோன்னு பயந்து செத்தேன். சொல்லக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன்.

"மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதீய தம்பி. மெஷினு கெட்டுப் போனா நீங்க என்ன செய்வீய?"ன்னாவ ஆச்சி.

"ஆமா ஆச்சி. மெஷினுதான் சரியில்ல"ன்னாவ அண்ணாச்சி.

ஆபீஸுக்கு வந்ததும் நேரா ஸ்டோர் ரூமுக்குப் போனாவ. கைலாசம் தாத்தா வீட்டு மெஷினு அங்கன ஓடிக்கிட்டுதான் இருந்துது. அது முன்னால சம்மணம் போட்டு உக்காந்தாவ, கவர மடியில வச்சுக்கிட்டு. இப்ப ஏசப் போறாவன்னு நா கதவு நெலைப்பக்கமா நின்னேன். ஏசல.

"உன் மேலதாம்லே பழியப் போட்டுட்டு வந்திருக்கேன்"ன்னாவ.