பாஹிமாவோடு வாவியில் ஒரு மாலை: கமரா பழகப் போன கதை

கமரா வாங்கி ஏழு மாதமாகியும் என் படங்களில் கடல் சரிந்தே கிடந்தது. காணொளிகளைப் பார்த்தும் கை பழகவில்லை. அதனால்தான் போன சித்திரை விடுமுறையில் திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டேன். அது ஒரு காரணம். மற்றக் காரணம் பாஹிமா.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை வளாகத்தில் நாங்கள் இருவரும் ஒரே அறை. அவளுடைய நானா (அண்ணன்) கட்டாரிலிருந்து அனுப்பிய சின்னக் கமராவோடு பின்னேரங்களில் வயல்பக்கம் போவோம். ஒருநாள் அவள் எடுப்பாள், மறுநாள் நான். பற்றறி தீரும்வரை கொக்குகளை விடமாட்டோம். அவளுடைய கலியாணத்துக்கு நான்தான் படம் எடுப்பதாகச் சொல்லியிருந்தேன். அதே நாளில் கொழும்பில் எனக்கு வேலைக்கான நேர்முகம் வந்தது. போய்விட்டேன். போனபிறகுதான் மன்னிப்புக் கேட்டுக் குறுஞ்செய்தி அனுப்பினேன், பதில் இல்லை. அதன்பிறகு ஒன்பது வருடம் நானும் பேசவில்லை. இப்போது அவள் கலியாண வீடுகளில் பெண்கள் பக்கம் படம் எடுக்கிறாள் என்று கேள்விப்பட்டு, துணிந்து அழைத்தேன். “வா” என்று மட்டும் சொன்னாள்.

காலை 6.00 மணி பஸ். பாஹிமாவின் ஊரான ஏறாவூருக்கு ஏறத்தாழ 115 கிலோமீற்றர், 9.50க்கு இறங்கினேன். (இடதுபக்க யன்னல் வேண்டாம், வெயில் அடிக்கும்.) பாஹிமா பழையதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பிட்டு முடிந்ததும் என் கமராவை வாங்கி, படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள்.

“எல்லாத்திலயும் தூரத்தில நிண்டுதான் எடுத்திருக்காய் புள்ள. கிட்டப் போக என்ன பயம்?”

மூன்று மணிக்கு மட்டக்களப்பு நகருக்கு பஸ் எடுத்தோம், அரை மணித்தியாலம். கல்லடிப் பாலத்துக்குக் கிட்ட 4.15க்கு, கடலோடு சேரும் வாவியில் தோணி ஏறினோம். கமராத் திரையில் நெடுக்காக இரண்டு, குறுக்காக இரண்டு கோடுகள் தெரியும்படி பாஹிமா மாற்றிவிட்டாள். தண்ணீரும் வானமும் சந்திக்கும் இடத்தை நடுவில் வைக்காமல் மேல்கோட்டிலோ கீழ்க்கோட்டிலோ வைக்க வேண்டும். கடல் சரிவது அதோடு நின்றது. இவ்வளவுதானா என்று வெட்கமாக இருந்தது.

சேற்றில் வேரூன்றிய கண்டல் மரங்களின் ஓரமாக ஒருவர் வலை வீசிக்கொண்டிருந்தார். கையசைத்து அனுமதி கேட்டோம், சிரித்தார். அசைவு உறையட்டும் என்று கமராவின் வேகத்தைச் செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு வைத்தேன். அப்படியும் பிந்திப் பிந்தியே அழுத்தினேன்.

“தங்கச்சி, வலையப் பாக்காதீங்க. அவர்ர தோளப் பாருங்க, தோள் திரும்பினா வலை வரும்” என்றார் தோணி ஓட்டிய அண்ணன். அடுத்த வீச்சில் வலை வட்டமாக விரிந்து அகப்பட்டது.

“படத்திட ஓரத்தயும் பாரு. அந்த முறிஞ்ச தடி ஆருக்கு வேணும்?” என்றாள் பாஹிமா.

5.20க்கு வெயில் மஞ்சளாகியது. அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை.

“உன்ர கலியாணத்துக்கு நான் வராதது...”

“ஒரு மணித்தியாலம் கலியாண உடுப்போட உன்னப் பாத்துக்கொண்டு இருந்தன். பிறகு மச்சான் போன்ல படம் எடுத்தார். ஒண்டிலயும் என்ட முகம் தெளிவில்ல.” தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “அந்தக் கோவத்திலதான் நான் பெரிய கமரா வாங்கினன், தெரியுமா?”

கமராவை மடியில் இறக்கினேன்.

“சரி, இப்ப எடு” என்று முக்காட்டைச் சரிசெய்து வெளிச்சத்தின் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

முழங்கால் முட்டுமளவுக்குக் கிட்டப் போனேன். ஒன்று எடுத்துக் காட்டினேன்.

“தலைக்கு மேல இவ்வளவு வானம் எதுக்கு? திருப்பி எடு.”

ஆறாவது படத்தை நீண்ட நேரம் பார்த்தாள். “இத உம்மாக்குக் காட்டலாம்” என்றாள். அன்றிரவு அவள் வீட்டிலேயே தங்கினேன்.

போகிறவர்களுக்கு: தோணிக்கு ஒரு மணித்தியாலம் 3,500 ரூபா, ஏறுமுன் பேசிக்கொள்ளுங்கள். காலை ஏழரைக்கு முன், அல்லது மாலை நாலரைக்குப் பின் வெளிச்சம் நல்லது. உப்புக்காற்று கமரா வில்லையில் படியும், மெல்லிய துணி கொண்டுபோங்கள். மீன்பிடிப்பவர்களைக் கேட்காமல் எடுக்காதீர்கள். பாஹிமாவை எடுத்த படங்களை இங்கே போடவில்லை, அவை அவளுடையவை.

நான் எடுத்த 212 படங்களில் பதினொன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அழிக்கச் சொன்னாள். அழித்தேன். ஆனால் அவள் கண்மூடிச் சிரிக்கிற ஒன்றை அவளுக்குச் சொல்லாமல் வைத்திருக்கிறேன். இதை வாசித்தால் ஏசுவாள். ஏசட்டும்.