மருத மரத்துக்குச் சொன்னது

எங்கள் வீட்டுக்கு மேற்கே ஓடை. ஓடைக்கு அங்கிட்டு காடு. ஓடைக்கரையில் ஒரு மருத மரம், ரெண்டு ஆள் கை கோத்தாலும் அடங்காது. ஐப்பசி மழையில் வந்த வெள்ளம் கரையை அரித்துவிட்டது. வேர் பாதி வெளியே கிடந்தது. மரம் எங்கள் கூரைப் பக்கம் சாய்ந்துவிட்டது.

கூரைக்குக் கீழே என் வீட்டுக்காரர். இலவங்காய் பறிக்க ஏறி விழுந்தவர். இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாது. மரம் சரிந்தால் நான் ஓடிவிடுவேன். அவர் ஓட முடியாது. இவ்வளவுதான் விஷயம்.

ஆண்டிபட்டியில் மகள் இருக்கிறாள். அங்கே போவோம் என்றேன்.

"மருமகன் வீட்டுல படுத்துக்கிட்டு, மகளை மூத்திரத் துணி அலசச் சொல்றியா?" என்றார். அந்தப் பேச்சு அதோடு நின்றது.

மரத்தை வெட்ட அனுமதி கேட்டு நடந்தேன். மயிலாடும்பாறை பக்கம் எங்கே போகவும் பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். நின்றேன். வி.ஏ.ஓ.வைப் பார்த்தேன். ஓடை புறம்போக்கு, தாலுகா ஆபீஸில் கேளுங்கள் என்றார். தாலுகா ஆபீஸில், உங்கள் ஊர் மலைப்பகுதி லிஸ்டில் இருக்கிறது, சொந்தப் பட்டாவில் நிற்கிற மரமே ஆனாலும் தேனியில் இருக்கிற கலெக்டர் கமிட்டி சொல்லாமல் வெட்டக் கூடாது என்றார்கள். தேனியில், காட்டு எல்லைக்கல் பக்கத்தில் இருக்கிறது, வனத்துறை என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும் என்றார்கள்.

யாரும் விரட்டவில்லை. உட்காரச் சொன்னார்கள். ஒருத்தர் டீ வாங்கிக் கொடுத்தார். அவரவர் சொன்னது அவரவருக்குச் சரி. சண்டை போட ஆள் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வனத்துறையிலிருந்து பாரஸ்டர் வந்தார். நல்ல மனுஷன். மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தவர், தானாக நாலு எட்டு தள்ளி நின்றுகொண்டார்.

"எனக்கே பயமாத்தான் இருக்குக்கா. ஆனா பச்சை மரம். கொப்பை வெட்டினாலும் அதே ரூல்தான். இப்ப இதைப் புலிக் காடுன்னு வேற அறிவிச்சிருக்காங்க. மேல எழுதணும்."

உள்ளே படுத்திருந்தவர் குரல் கொடுத்தார். "புலி வந்து கையெழுத்துப் போடணுமா சார்?"

"புலி போட்டாலும் அதுக்கு மேல ஒரு ஆபீசர் போடணும்ணே."

ரெண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சொல்லாமல் அறுத்துப் போடு என்று ஊரில் சொன்னார்கள். வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. "கேஸு என் பேர்லதான் வரும். இந்த ஒடம்பை எந்த ஜெயில்ல வச்சுக் கழுவுவாக?"

சட்டம் தப்பு என்று சொல்ல மாட்டேன். நான் வாக்கப்பட்டு வந்தபோது மலையிலிருந்து லாரி லாரியாக மரம் இறங்கும். கேட்க நாதியில்லை. சட்டம் வந்துதான் நின்றது. மரம் நின்றதால் ஓடையில் தண்ணீர் நின்றது. அந்தத் தண்ணீர்தான் வேரையும் அரித்தது.

மாசி போய் பங்குனியில், தேனியிலிருந்து பார்வையிட வருகிறார்கள் என்று பாரஸ்டர் சொல்லிவிட்டார். அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினேன்.

எங்கள் பக்கம் பெரிய மரத்தைச் சும்மா வெட்ட மாட்டோம். அதில் குடியிருப்பது எதுவோ, அதற்கு முதலில் சொல்ல வேண்டும். மஞ்சள் துணி கட்டி, சூடம் கொளுத்தி, "வெட்டப் போறோம், வேற எடம் பாத்துப் போயிரு" என்று கேட்டுக்கொள்வோம். அனுமதி வந்தபிறகு செய்திருக்கலாம். வந்த மாதிரிதானே என்று நினைத்து முன்னாலேயே செய்துவிட்டேன். துணி கட்டினேன். மஞ்சள் பூசினேன். சொல்லிக்கொண்டேன்.

விறகுக்குப் போய் வருகிற பெண்கள் துணியைப் பார்த்தார்கள். யாரோ நேர்ந்திருக்கிறார்கள் என்று நினைத்து அவர்களும் சூடம் வைத்தார்கள். நான் தடுக்கவில்லை. வெட்டப்போகிற மரம்தானே என்று விட்டுவிட்டேன்.

ஆபீசர்கள் வந்த அன்று மரத்தில் புதுமாலை கிடந்தது. அவர்களில் மூத்த அம்மா கேட்டார்.

"இது சாமி மரமா?"

"இல்லம்மா. வெட்டப் போறோம்னு சொல்லிக்கிட்டது."

"யார்கிட்ட சொன்னீங்க?"

"மரத்துக்கிட்ட."

கூட வந்தவர் போட்டோ எடுத்தார். வேரையும் எடுத்தார், மாலையையும் எடுத்தார். மக்கள் கும்பிடுகிற மரம் என்றால் ஊர் சம்மதம் வேண்டும், கிராம சபையில் தீர்மானம் போட்டு அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

கிராம சபையில் எழுந்து நின்று சொன்னேன். பேசத் தெரியாது. "அவர் படுத்திருக்காரு. மரம் சாயுது" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

பக்கத்து வீட்டுக்காரி எழுந்தாள். என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் என்றால் ரசம் வைத்துக் கொண்டுவருகிறவள்.

"கோவிச்சுக்காத மதினி. அங்கன நான் வேண்டிக்கிட்டேன். என் மருமக இப்ப மாசமா இருக்கா. இந்த நேரத்துல வெட்டினா எனக்கு மனசு கேக்குமா?"

அவள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அடுத்த சபையில் பார்ப்போம் என்று தலைவர் முடித்தார்.

ஆனி பிறந்தது. மேற்கே கணவாயிலிருந்து காற்று இறங்கிவிட்டது. கட்டிலை அடுப்பங்கரைக்கு இழுத்துப் போட்டேன். அதற்கு மேல் தள்ள இடமில்லை. மரம் முனகும்போது அவர் என் முகத்தைப் பார்க்கிறார். நான் அடுப்பைப் பார்க்கிறேன்.

"வெளியே போய்ப் படுத்துக்க" என்கிறார். போகவில்லை.

நேற்று விடிந்ததும் ஓடைக்குப் போனேன். வெளியே கிடந்த வேரின் மேல் கூடை கூடையாக மண் அள்ளிப் போட்டேன். நிற்கிற மண் இல்லை, சரிந்துகொண்டே இருந்தது. பிறகு கை கழுவி, நான் கட்டிய துணிக்குப் பக்கத்தில் இன்னொரு துணி கட்டினேன். சூடம் காற்றில் நிற்கவில்லை. கையைக் குவித்துப் பிடித்துக்கொண்டேன்.

"அன்னைக்குச் சொன்னதை மனசுல வச்சுக்காத. எங்கயும் போயிராத. கெட்டியாப் பிடிச்சுக்க" என்றேன்.