எனக்குப் பதிலாக உட்கார்ந்தவன்

என் வலது கன்னத்தின் உள்ளே ஒரு வெள்ளைத் திட்டு இருக்கிறது. சிகரெட்டை விட்டால் அடங்கலாம், விடாவிட்டால் புற்றாக மாறலாம் என்று பல் மருத்துவக் கல்லூரியில் சொன்னார்கள். எனக்கு ஒரு நாளைக்குப் பதினொன்று. எந்தக் கிழமையில் நிறுத்தலாம் என்று கேட்ட மாணவனிடம், "பார்க்கலாம்பா" என்றேன்.

அடுத்த வாரம் போனபோது, தங்கள் வகுப்பில் வந்து உட்காரச் சொன்னார்கள். புகைப்பழக்கத்தை விட வைப்பது எப்படி என்று அங்கே மாணவர்களே மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். ஒருவன் நோயாளியாக நடிப்பான், ஒருத்தி கேள்வி கேட்பாள், மற்றவர்கள் குறை சொல்வார்கள். இருபத்திரண்டு பேர். நான்கு ஃபேனில் மூன்றுதான் ஓடியது.

நோயாளியாக உட்கார்ந்தவன் அதே மாணவன். என் கதையைப் பெயர் சொல்லாமல் எடுத்துக்கொள்ள முன்பே சம்மதம் கேட்டிருந்தான்.

"மச்சான், ஓவரா ஆக்ட் குடுக்காத," என்றது பின்வரிசை. சிரித்தார்கள்.

அவன் இருமினான். சிரிப்பு நின்றது. அது இருபது வயது நெஞ்சிலிருந்து வருகிற இருமல் இல்லை. பதினொன்று என்றான். பல் விளக்குமுன் முதலாவது என்றான். இவை நான் சொன்னவை. பிறகு, கையில் இல்லாத சிகரெட்டைக் கட்டைவிரல் நகத்தில் மூன்று முறை தட்டிவிட்டு, யாராவது வருகிறார்களா என்று இடது தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தான். அதை நான் எவரிடமும் சொன்னதில்லை.

"எந்தக் கிழமை நிறுத்தலாங்க அய்யா?" என்று கேட்டாள் எதிரே உட்கார்ந்திருந்த மாணவி.

"வெள்ளிக்கிழமைம்மா."

வகுப்பு எடுத்த மூத்த மாணவி குறுக்கிட்டாள். "டேய், எந்தப் பேஷன்ட்டுடா கேட்டதும் கிழமை சொல்றாரு? அப்புறம் அவளுக்கு இன்னா வேலை? திரும்பச் செய்."

"வெள்ளிக்கிழமை," என்றான் மறுபடியும், அந்தக் கிழட்டுக் குரலிலேயே.

வகுப்பு முடிந்து வராந்தாவில் அவனைப் பிடித்தேன். "ஏம்பா, நான் தட்டுறதும் திரும்பிப் பாக்குறதும் உனக்கு எப்படித் தெரியும்?"

"உங்களுதா சார் அது? நான் எங்கப்பாவத்தான செஞ்சு காட்டினேன்."

"அவர் விட்டுட்டாரா?"

"எங்க சார். கடசி வரைக்கும் ஒரு கிழமை சொல்லல. நானும் கேக்கல. போன ஆடியில போய்ட்டாரு."

எதிர் ஜன்னல் கண்ணாடியில் இருவரும் ஒரே பக்கம் தலை சாய்த்து நின்றோம். நான் நிமிர்ந்தேன். கண்ணாடியில் நிமிர்ந்தது யார் என்று ஒரு கணம் தெரியவில்லை.

"அந்தக் கேள்வியை இப்ப என்னைக் கேளு," என்றேன்.

கேட்டான். வெள்ளிக்கிழமை என்று சொல்ல வாய் வரவில்லை. அது இறந்தவருக்குப் போய்விட்டது.

"வியாழன்."

"அது நாளைக்கே சார்."

"தெரியும்பா. பாக்கெட்டில நாலு மிச்சம் இருக்கு. முதல்ல அதை வாங்கிக்க."