பதினான்கு குழுவுக்கு ஒரே பெண்

லிப்ட்காரரே, கூட்டுகிற அக்கா, குமாஸ்தா சார், சாப்பிட்டுக்கொண்டே கேளுங்கள். இது நம் கட்டிடத்திலேயே நடந்த கதை, பொய் சொன்னால் என் நாக்கு அழுகட்டும். நடுவில் கொஞ்சம் கைச்சரக்கு சேர்ப்பேன்தான். அதற்கெல்லாம் நாக்கு அழுகாது, விசாரித்துவிட்டேன்.

மூன்றாவது மாடியில் பூஞ்சையை ஆராய்கிற அம்மா. அந்தத் துறையில் முப்பது ஆண்களுக்கு நடுவில் ஒரே பெண். மேலிடத்திலிருந்து ஒரு உத்தரவு வந்தது: எந்தக் குழுவிலும் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும், பெண் கையெழுத்து இல்லாத தீர்மானம் செல்லாது. நல்ல உத்தரவு. கூடவே நாலு பெண்களை வேலைக்கு எடுங்கள் என்று எழுதத்தான் மறந்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து அம்மா வாடகைப் பாத்திரம் மாதிரி கைக்குக் கை போனார். நூலகக் குழு, விடுதிக் குழு, கழிவறைத் தாழ்ப்பாள் வாங்கும் குழு. நாற்பது என்று சொல்ல ஆசைதான், பதினான்கு. ஆண்களுக்கு ஆளுக்கு அரைக் குழுதான் வந்தது. மிச்ச நேரத்தில் அவர்கள் கட்டுரையாக எழுதித் தள்ளினார்கள். அம்மா கண்ணாடித் தட்டில் வளர்த்த பூஞ்சையோ, மூன்று நாள் கூட்டம் முடிந்து வந்து பார்த்தால் காய்ந்து சருகாகக் கிடக்கும்.

"உன்னைப் பாக்கணும்னா நானும் ஒரு கமிட்டி போடணுமா?" என்றார் வீட்டுக்காரர்.

"போடுங்க. அதுலயும் நான்தான் மெம்பர்."

பதவி உயர்வுக்கான கூட்டம் வந்தது. ஐம்பது வயதுக்குள் கிடைக்காவிட்டால் பிறகு கிடையாது. அம்மாவுக்கு நாற்பத்தொன்பதே முக்கால். முடிவு செய்ய ஐந்து பேர் குழு. அதிலும் ஒரு பெண் வேண்டுமே? வேறு யார், அம்மாதான்.

மூன்று ஆண்களின் பைல் நிமிடத்தில் தேறியது. நாலாவது அம்மாவுடையது. எழுந்துவிட்டார். "என் பைல் வருது சார். நான் வெளிய நிக்கிறேன்."

துறைத்தலைவர் பதறினார். "நீங்க போயிட்டா கூட்டமே செல்லாதும்மா. அடுத்தது ஆறு மாசம் கழிச்சுதான். உங்களுக்கு வயசு தாண்டிடும். உக்காருங்க, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

உட்கார்ந்தார். அம்மாவிடமே படித்து மேலே வந்த இளைய பேராசிரியர் பைலைப் புரட்டினார். "ஏழு வருஷத்துல ரெண்டே கட்டுரை. கஷ்டம் மேடம்."

"பதினாலு கமிட்டியில உக்காந்தேனே, தம்பி. நீ எத்தனையில உக்காந்தே?"

"அது சேவை மேடம், ஆராய்ச்சி இல்லையே. எல்லாருக்கும் ஒரே அளவுகோல். அதானே சமத்துவம்?"

தலைவர் தலையாட்டினார். அந்த ஆட்டத்தில் மேசைத் தாளெல்லாம் பறந்தது. வேண்டாம் என்று நாலு கை உயர்ந்தது. உயர்வு கேட்ட நாலு பேரின் முடிவுக்கும் சேர்த்து ஒரே தாள். அதை அம்மா பக்கம் நகர்த்தினார்கள்.

"நான் போடலேன்னா?"

"தீர்மானமே செல்லாம போயிடும்," என்றார் தலைவர். " உங்களுக்கு எப்படியும் இல்லைன்னு ஆயிடுச்சு. மத்த மூணு பேரும் பிள்ளைகுட்டிக்காரங்கம்மா, பாவம்."

"எனக்கு மட்டும் பிள்ளைகுட்டி இல்லையா சார்?"

தலைவர் பேனாவை நீட்டினார். அம்மா கையெழுத்துப் போட்டார். வழக்கமாகக் கோழி கிளறின மாதிரி இருக்கும். அன்றைக்கு முத்து முத்தாக விழுந்தது. இந்த இடத்தில் ஒரு குடம் கண்ணீர் சேர்ப்பது என் வழக்கம். ஆனால் அவர் அழவில்லை. மூன்று மணிக்கு விடுதிக் குழு. எழுந்து அங்கே போனார்.

"கிழிச்சு மூஞ்சியில வீசியிருக்கணும்!" என்று லிப்ட்காரர் பெஞ்சைக் குத்தினார்.

"வீசுவே நீ! வீசியிருந்தா பொம்பளை புத்தின்னு நீயே மாடிக்கு மாடி சொல்லிட்டுப் போவே," என்றார் அக்கா.

"நான் எப்போடி சொன்னேன்?"

"டீயா? யாரைடா டீ போடறே?"

குமாஸ்தா இடையில் புகுந்தார். "அவங்க போட்டதுதான் சரி. மத்த மூணு பேர் என்ன பாவம் பண்ணாங்க?"

"சொல்ல மாட்டீங்களா பின்னே? அந்த மூணுல ஒருத்தர் உங்க மச்சான்!" என்றார் அக்கா.

"என் மச்சானை இழுத்தே, நடக்கறதே வேற!"

சாப்பாட்டு டப்பா ஒன்று பறந்தது. நான் குனிந்துகொண்டேன்.