வயரில் ஒரு வளையம்

“குளிக்கவே கூடாதா?”

“நாளைக்குக் கழட்டுற வரைக்கும் கூடாது ஆன்டி. துணிய நனைச்சுத் துடைச்சு விடுங்க, போதும்.”

“இவரு குளிக்காம தூங்க மாட்டாரேம்மா.”

நம்பினாலும் நம்பாவிட்டாலும் இது நடந்தது. கிள்ளான் நகரில், ஒரு கிளினிக்கின் மாடி அறையில், நல்ல பகல் வெளிச்சத்தில். பதில் சொன்னவள் ஃபஹீமா. இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் சிறு கருவியை நோயாளியின் மார்பில் பொருத்தி, வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று சொல்லி அனுப்புவது அவள் வேலை.

அன்று கட்டிலில் இருந்தவர் துணிக்கடை அப்துல் மஜீத். இரவானால் அவருக்கு நெஞ்சு படபடக்கும்; சில சமயம் நின்று நின்று அடிக்கும்.

ஆண்கள் தலையை ஆட்டிவிட்டு வாசலிலேயே மறந்துவிடுவார்கள் என்பது ஃபஹீமாவின் அனுபவம். அதனால் கூட வந்த பெண்ணிடம்தான் எல்லாவற்றையும் சொல்வாள். அவள் காதில் எப்போதும் இயர்போன் தொங்கும்.

நாற்காலியில் இருந்த அம்மா கவனமாகக் கேட்டார். மஜீத் அவர் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. வீட்டில் ஏதோ சண்டை போல, என்று நினைத்துக்கொண்டாள்.

“வேர்வையில ஸ்டிக்கர் உரிஞ்சா புதுசு ஒட்டுங்க. வயர இப்படி வளையமா சுத்தி, மேல டேப். அப்பதான் இழுக்காது. ஒண்ணு நீங்க ஒட்டிப் பாருங்க.”

அந்த அம்மா மஜீத்தின் மார்பில் விரலை வைத்தார்.

கருவியின் சிறு திரையில் துள்ளிக்கொண்டிருந்த கோடு... அடங்கிச் சீரானது.

மஜீத்துக்கு உடல் சிலிர்த்தது. “ஏர்கோன் ரொம்ப ஜில்லுன்னு இருக்கு லா.”

“படபடன்னு வந்தா யார்கிட்டயும் சொல்ல மாட்டாரு,” என்றார் அந்த அம்மா. “தனியா இருக்கிறப்ப நின்னுட்டா?”

“அதான் நீங்க இருக்கீங்களே.”



மறுநாள் மஜீத் தனியாக வந்தார்.

ஃபஹீமா சட்டையை விலக்கினாள். ஒரு ஸ்டிக்கர் புதிது. வயரில் அழகான வளையம். மேலே டேப்.

“ஆன்டி நல்லாக் கத்துக்கிட்டாங்க அங்கிள்.”

“எந்த ஆன்டி?”

“நேத்து... இந்த நாற்காலியில...”

“நீ போன்ல யார்கிட்டயோ பேசுறேன்னு நெனச்சேன்மா.”



“வெள்ளைத் துப்பட்டி அங்கிள். இடது புருவத்துல சின்னத் தழும்பு.”

மஜீத் அந்த நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார்.

“ராத்திரி உரிஞ்சு தொங்குச்சு. அப்படியே தூங்கிட்டேன். எந்திரிச்சா ஒட்டியிருந்துச்சு... வீட்ல நான் மட்டும்தான். எம் பொஞ்சாதி ரம்லத் மவுத்தாகி, அடக்கம் பண்ணி மூணு மாசம்மா.”

ஃபஹீமாவின் கை பின்வாங்கியது. அவர் அந்த வளையத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

“இதக் கழட்டாதம்மா. இன்னிக்கு ஒரு ராத்திரி இருக்கட்டும்... நான் தூங்காம இருக்கேன்.”